கோட்டைக்கு சோறு போட்டவரின் தலை திருச்சிக்கு வந்தது! கும்பெனிக்கு உழைத்து பலிகடா ஆன ‘கும்மந்தான்’ மருதநாயகம்

திருச்சி:

தில்லை நகரில் இருந்து பஸ் ஏறி கடைவீதிக்குப் போகிறவர்கள் தினமும் பார்ப்பதுதான் மெயின்கார்டு கேட். துணிக்கடை, பாத்திரக்கடை கூட்டத்துக்கு நடுவே நிற்கும் பழைய கல் வாசல். ஒரு காலத்தில் திருச்சி நகரையே சுற்றி நின்ற கோட்டையில் மிச்சம் இருக்கும் வாசல் அது. மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு எல்லாம் அந்தக் கோட்டையின் மதிலும் அகழியும் போன தடம். இன்றைக்கு தில்லை நகர் இருக்கும் இடம் அன்றைக்கு கோட்டைக்கு வெளியே.

அந்தக் கோட்டையைப் பிடிப்பதற்காக சுமார் 270 வருஷத்துக்கு முன்பு வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. உள்ளே இருந்தவர்கள் பசியால் செத்துப் போகாமல் காப்பாற்றியதில் பெரிய பங்கு ஒரு தமிழ் சிப்பாய்க்கு உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக எதிரியின் கண்ணில் படாமல் வண்டி வண்டியாக அரிசியைக் கொண்டு வந்து சேர்த்தவர் அவர்.

சரியாக 10 வருஷம் கழித்து அவரைத் தூக்கில் போட்டார்கள். உடம்பைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். அவர் காப்பாற்றிய இதே திருச்சிக்கு அவரது தலையை அனுப்பி வைத்தார்கள்.

தூக்கில் போட்டது எதிரி இல்லை. யாருக்காக உழைத்தாரோ அவர்களேதான்!

அவர்தான் முகமது யூசுப்கான். ஜனங்கள் வாயில் கான் சாகிபு, கும்மந்தான். சினிமா ரசிகர்களுக்குச் சொன்னால் உடனே தெரியும்... மருதநாயகம்! 1997-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தை வைத்து கமல்ஹாசன் சென்னையில் தொடங்கி, பாதியில் நின்று போன படத்தின் நாயகன்.

படம் நின்று போனது. நிஜக் கதை சினிமாவை விட பயங்கரமானது.

பனையூர் பையன்

ராமநாதபுரம் சீமையில் பனையூர் என்ற கிராமத்தில் 1725-ஐ ஒட்டி பிறந்தவர் மருதநாயகம். வேளாளர் குடும்பம் என்று சொல்லப்படுகிறது. சின்ன வயதிலேயே வீட்டை விட்டு ஓடினார். புதுச்சேரியில் வெள்ளைக்காரர்களிடம் எடுபிடி வேலை பார்த்தார். இஸ்லாம் மதத்துக்கு மாறி முகமது யூசுப்கான் ஆனார். நெல்லூர் பக்கம் போய் சிப்பாய் வேலையில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தார்.

குடும்பப் பெருமை கிடையாது. சொத்து கிடையாது. சிபாரிசு பண்ண ஆள் கிடையாது. கையில் இருந்தது கத்தியும் மூளையும்தான்.

அந்தக் காலத்தில் ஆற்காட்டு நவாப் பதவிக்கு 2 பேர் அடித்துக் கொண்டார்கள். ஒருவர் சந்தா சாகிப். 1736-ல் ராணி மீனாட்சியை ஏமாற்றி திருச்சியைப் பிடித்தவர் என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்குப் புரியும். அவருக்கு பிரெஞ்சுக்காரர்கள் துணை. இன்னொருவர் முகமது அலி. அவருக்கு இங்கிலீஷ் கும்பெனி துணை. 1749-ல் ஆம்பூர் சண்டையில் அப்பாவைப் பறிகொடுத்த முகமது அலி, ஓடி வந்து ஒளிந்த இடம் திருச்சிக் கோட்டை.

1751-ல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் திருச்சியைச் சுற்றி வளைத்தார்கள். அவர்கள் கவனத்தைத் திருப்ப ராபர்ட் கிளைவ் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி ஆற்காட்டைப் பிடித்தார். கிளைவின் படையில் வந்து சேர்ந்தவர்தான் யூசுப்கான். அடுத்த வருஷம் மேஜர் லாரன்ஸ் திருச்சியை மீட்கப் புறப்பட்டபோது அந்தப் படையோடு அவரும் வந்தார்.

1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பதுங்கி இருந்த பிரெஞ்சுப் படை சரண் அடைந்தது. சந்தா சாகிப் பிடிபட்டு தலை வெட்டப்பட்டார். சண்டை முடிந்தது என்று ஊரே நினைத்தது.

முடியவில்லை.

வாக்கு கொடுத்து ஏமாற்றிய நவாப்

உதவிக்கு வந்தால் திருச்சியையே தருகிறேன் என்று மைசூர்க்காரர்களிடம் முகமது அலி வாக்கு கொடுத்திருந்தார். காரியம் முடிந்ததும் கையை விரித்து விட்டார். மைசூர் தளபதி நஞ்சராஜா கொதித்துப் போனார். நேற்று வரை எதிரியாக இருந்த பிரெஞ்சுக்காரர்களோடு போய்ச் சேர்ந்து கொண்டார். மறுபடியும் முற்றுகை!

இந்த இடத்தை வாசகர்கள் மனசில் வைத்துக் கொள்ள வேண்டும். காரியம் ஆகிற வரை ஒரு பேச்சு, ஆன பிறகு ஒரு பேச்சு என்ற குணம் நவாப்புக்கு அப்போதே இருந்தது. பின்னால் அதற்கு பலியானவர்தான் நம் கதாநாயகன்.

1753, 1754 இரண்டு வருஷமும் திருச்சி பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்லை. இன்றைக்கு ரெயில்வே பணிமனை இருக்கும் பொன்மலையில் பீரங்கி வெடித்தது. 1753 நவம்பரில் ஒரு நள்ளிரவில் பிரெஞ்சு வீரர்கள் ஏணி வைத்து கோட்டைச் சுவரில் ஏறியே விட்டார்கள். மயிரிழையில் ஊர் தப்பியது.

பீரங்கியை விட பெரிய எதிரி பசி. கோட்டைக்குள் நெல் இல்லை. புதுக்கோட்டை தொண்டைமான் சீமையில் இருந்தும், தஞ்சாவூர் பக்கம் இருந்தும்தான் தானியம் வரவேண்டும். வழியெல்லாம் எதிரிப்படை. அந்த வண்டிகளைப் பத்திரமாகக் கூட்டி வருகிற வேலை யூசுப்கான் தலையில் விழுந்தது. எந்தப் பாதை, எந்த நேரம், எதிரி எங்கே என்று வேவு பார்ப்பதில் அவரை அடித்துக் கொள்ள ஆள் இல்லை.

குதிரை கனைத்தது... ஊர் பிழைத்தது

1754 மே மாதம். ராத்திரி நேரம். தானியத்தோடு வரும் வண்டிகளை எதிர்கொண்டு அழைத்து வர கேப்டன் கல்லியாட் தலைமையில் ஒரு படை கிளம்பியது. படைக்கு முன்னால் தனியாக குதிரையில் போனார் யூசுப்கான். ஒரு வாய்க்கால் கரையில் ஏறும்போது அவரது குதிரை கனைத்தது. இருட்டுக்குள் இருந்து பதிலுக்கு பல குதிரைகள் கனைத்தன!

அங்கே பிரெஞ்சுக் குதிரைப்படை பதுங்கி இருந்தது. கனைப்புச் சத்தம் காட்டிக் கொடுத்து விட்டது. அவர்கள் சுட்டார்கள். யூசுப்கான் தப்பி வந்து தகவல் சொன்னார். கும்பெனிப் படை உஷாரானது. விடிந்ததும் நடந்த சண்டையில் எதிரி பின்வாங்கினான். வண்டிகள் ஊருக்குள் வந்தன. அடுப்பு எரிந்தது.

லாரன்சுக்கு இந்த ஆள் மேல் அபார நம்பிக்கை. பிறவிப் போர்வீரன் என்றே நினைத்தார். அவர் சிபாரிசில் கும்பெனியின் சுதேசி சிப்பாய்கள் எல்லோருக்கும் தலைவராக யூசுப்கான் நியமிக்கப்பட்டார். தங்கப் பதக்கமும் கொடுத்தார்கள். இங்கிலீஷில் அந்தப் பதவிக்குப் பெயர் கமாண்டன்ட். நம் ஜனங்கள் வாயில் அது கும்மந்தான் ஆனது.

திருச்சியில் வந்த முதல் பழி

உயர உயர பொறாமையும் வளரும். இதே திருச்சியில், இதே முற்றுகை நேரத்தில் அவர் மேல் முதல் பழி விழுந்தது.

லாரன்சிடம் துபாஷியாக இருந்தவர் ஒருவர். வெள்ளைக்காரர் பேசுவதை நம்மவர்களுக்கும், நம்மவர் பேசுவதை வெள்ளைக்காரருக்கும் மாற்றிச் சொல்கிறவர். பொன்னியப்பா என்று ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்பிக்கையான இடத்தில் இருந்து கொண்டே மைசூர்க்காரர்களோடு ரகசியமாகப் பேசிக் கொண்டிருந்தவர் இவர்.

யூசுப்கானை ஒழித்தால்தான் திருச்சி விழும் என்று கணக்குப் போட்டார்கள். யூசுப்கான் மைசூரோடு சேர்ந்து கோட்டையைக் காட்டிக் கொடுக்கப் போகிறார் என்கிற மாதிரி ஒரு கள்ளக்கடிதம் தயாரானது. அது கும்பெனி ஆட்கள் கையில் சிக்கும்படி செய்தார்கள்.

கடிதம் சிக்கியது. கோட்டையே பரபரப்பானது. நேற்று வரை வீரன், இன்றைக்கு துரோகியா? சந்தேகம் யூசுப்கான் மேல் விழுந்தது.

அந்த முறை விசாரணை ஒழுங்காக நடந்தது. தோண்டத் தோண்ட உண்மை வெளியே வந்தது. எழுதியது யார், எழுதச் சொன்னது யார் என்று தெரிந்தது. துபாஷியை பீரங்கி வாயில் கட்டி சுட்டுக் கொன்றார்கள். யூசுப்கான் பெயர் சுத்தமானது.

அன்றைக்கு யூசுப்கான் இல்லாவிட்டால் கும்பெனிக்குச் சோறு இல்லை. அதனால் உண்மையைத் தேடிப் பார்த்தார்கள். பின்னால் அவர் தேவைப்படாமல் போனபோது அப்படித் தேட யாரும் இல்லை.

மதுரைக்கு மாற்றம்

திருச்சி சண்டை ஓய்ந்ததும் கும்பெனிக்கு பணம் வேண்டியிருந்தது. போர்ச்செலவு முழுவதையும் நவாப் கணக்கில் எழுதியிருந்தார்கள். நவாப்பிடம் காசு இல்லை. அதனால் தெற்குச் சீமையில் வரி வசூலிக்கப் படை போனது. மதுரை, திருநெல்வேலி பக்கம் பாளையக்காரர்கள் யாருக்கும் வரி கட்டுகிற எண்ணத்தில் இல்லை.

1755-ல் கர்னல் ஹெரான் என்பவர் போனார். திருமோகூர் பக்கம் கோவில் சிலைகளைக் கொள்ளையடித்தார். திரும்பி வரும்போது நத்தம் கணவாயில் கள்ளர்கள் மடக்கி அடித்து துவம்சம் செய்தார்கள். ஹெரான் மேல் ராணுவ விசாரணை நடந்தது.

அடுத்து 1756-ல் யூசுப்கானை அனுப்பினார்கள். வெள்ளைக்கார கர்னலால் முடியாததை இவர் முடித்தார்.

நடுவில் இன்னொரு பேருதவி. 1758 டிசம்பரில் பிரெஞ்சு தளபதி லாலி சென்னை ஜார்ஜ் கோட்டையை முற்றுகை இட்டார். கும்பெனியின் கழுத்துக்கே கத்தி வந்து விட்டது. தெற்கே இருந்து படையோடு ஓடினார் யூசுப்கான். கோட்டைக்கு வெளியே நின்றுகொண்டு, செங்கல்பட்டு, பரங்கிமலை பக்கம் பிரெஞ்சுப் படையின் சப்ளையை வெட்டி தூங்க விடாமல் அடித்தார். 1759 பிப்ரவரியில் முற்றுகை முறிந்தது. முதலில் திருச்சி, அடுத்து சென்னை. இரண்டு தடவை கும்பெனியைக் காப்பாற்றிய கை அது.

பரிசாக அதே 1759-ல் மதுரை, திருநெல்வேலி இரண்டையும் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் குத்தகைக்கு கும்பெனி அவரிடம் விட்டது. எடுபிடி வேலை பார்த்த பனையூர் பையன், மதுரைக்கு கவர்னர்!

நல்லதும் செய்தார், ரத்தமும் சிந்தினார்

மதுரையில் அவர் ஆட்சியைப் பற்றி இன்றைக்கும் நல்ல பேச்சு உண்டு. வழிப்பறியை அடக்கினார். குளம், ஏரி, கோட்டைகளைச் செப்பனிட்டார். பறிபோன மீனாட்சி அம்மன் கோவில் நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு, விருதுநகர் மாவட்டத்தில் கான்சாபுரம்... எல்லாம் கான் சாகிபு பெயர்தான். இருபது வருஷம் கழித்து அந்தப் பக்கம் வந்த ஆங்கிலேய தளபதி புல்லர்ட்டன் கூட அந்த நிர்வாகத்தை மெச்சி எழுதினார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த ரூ.5 லட்சம் வானத்தில் இருந்து விழவில்லை. பாளையக்காரர்களிடம் கத்தியைக் காட்டி வாங்கியது. கும்பெனிக்கு வரி கட்ட மாட்டேன் என்று நெற்கட்டும்செவல் பூலித்தேவர் எதிர்த்து நின்றார். அவரை விடாமல் துரத்தியது யூசுப்கான்தான். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் கோட்டைகள் அவர் கையில் விழுந்தன. கும்பெனியை முதலில் எதிர்த்தவரை கும்பெனிக்காக ஒழித்தவர் இவர்.

அந்தக் கணக்கு பின்னால் வட்டியோடு திரும்பி வந்தது.

பலிகடா ஆன கதை

யூசுப்கான் வளர வளர நவாப் முகமது அலிக்கு வயிறு எரிந்தது. மதுரையும் நெல்லையும் என் சீமை, இந்த ஆள் என் வேலைக்காரன், பணம் என் கை வழியாகத்தான் போக வேண்டும் என்று கும்பெனியிடம் அடம் பிடித்தார்.

யூசுப்கான் நினைப்பு வேறு. எனக்கு வேலை கொடுத்தது கும்பெனி, நான் பதில் சொல்ல வேண்டியதும் கும்பெனிக்குத்தான் என்பது அவர் கட்சி. திருச்சி நாளில் இருந்தே அவர் பார்த்தது அப்படித்தான்.

கும்பெனி யார் பக்கம் நின்றது?

கணக்குப் புஸ்தகத்தைப் பார்த்தால் பதில் தெரியும். நவாப் கும்பெனிக்குப் பெரிய கடன்காரர். அவர் பெயரைச் சொல்லித்தான் கும்பெனி இந்த நாட்டில் காலை ஊன்றியிருந்தது. 1763-ல் செங்கல்பட்டு சீமையையே கும்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்ட ஆளைப் பகைத்துக் கொள்ள முடியுமா? ஒரு பக்கம் கடனாளி நவாப், இன்னொரு பக்கம் உழைத்த சிப்பாய். கடனாளி தப்பிவிட்டால் பணம் போச்சு. சிப்பாய் போனால் இன்னொருத்தன் வருவான்.

யூசுப்கான் இனிமேல் நவாப்பின் ஆள் என்று சென்னை கவுன்சில் முடிவு செய்தது. குத்தகையை இன்னும் 4 வருஷம் நீட்டினால் ஆண்டுக்கு ரூ.7 லட்சம் தருகிறேன் என்று இவர் கேட்டுப் பார்த்தார். முன்னால் கட்டியதை விட ரூ.2 லட்சம் கூடுதல். அதையும் மறுத்தார்கள்.

ஆக, பிரச்சினை பணம் இல்லை. ஆளைக் கைகழுவுவது என்று முடிவாகி விட்டது.

யூசுப்கானுக்கு விஷயம் புரிந்தது. நவாப் கையில் போனால் உயிர் தங்காது என்று தெரியும். சந்தா சாகிப்புக்கு என்ன ஆனது, மைசூருக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று கிட்டே இருந்து பார்த்தவர் அவர். ஆள் சேர்த்தார். துப்பாக்கி, மருந்து சேர்த்தார். மர்ச்சாந்து என்ற பிரெஞ்சுக்காரரின் கீழ் ஐரோப்பிய வீரர்களையும் வைத்துக் கொண்டார். சென்னைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. போகவில்லை.

1763 தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. கும்பெனியின் தங்கப் பதக்கம் வாங்கியவர், கும்பெனிக்கு எதிரி ஆனார்.

துரோகி என்று முத்திரை குத்தினார்கள். அவரை நவாப்பிடம் முதலில் விட்டுக் கொடுத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மதுரை தாங்கியது

1763 கடைசியில் கர்னல் மான்சன் தலைமையில் கும்பெனிப் படையும், நவாப் படையும் மதுரையை வளைத்தன. திருச்சியில் முற்றுகையைத் தாங்கக் கற்றவர் உள்ளே இருந்தார். அசையவில்லை. மழைக்காலம் வந்தது. நவம்பரில் வெள்ளைக்காரப் படை கூடாரத்தைச் சுருட்டிக் கொண்டு பின்வாங்கியது.

கும்பெனிக்கு இது பெரிய அவமானம். 1764-ல் மேஜர் சார்லஸ் கேம்பல் தலைமையில் மறுபடி வந்தார்கள். ஜூனில் கோட்டைச் சுவரை உடைத்து ஏறிப் பார்த்தார்கள். பிணங்கள் விழுந்ததுதான் மிச்சம். மேஜர் பிரெஸ்டன் அதில் பட்ட காயத்தால் செத்தார்.

சண்டையில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் பட்டினி போட்டார்கள். ஒரு மணி அரிசி உள்ளே போக விடவில்லை. பத்து வருஷத்துக்கு முன்பு திருச்சியில் எந்தப் பசியில் இருந்து கும்பெனியைக் காப்பாற்றினாரோ, அதே பசியை அவர் மேல் ஏவி விட்டது கும்பெனி. மதுரைக் கோட்டைக்குள் குதிரைகளை அடித்துத் தின்கிற நிலைமை வந்தது.

அரிசி வண்டியைக் கூட்டி வர இன்னொரு யூசுப்கான் அவருக்குக் கிடைக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் வருவார்கள் என்று நம்பினார். அவர்கள் 1763 பிப்ரவரியிலேயே பாரீசில் இங்கிலாந்தோடு சமாதானக் கையெழுத்துப் போட்டு விட்டார்கள். மதுரையில் பறந்த கொடிக்குப் பின்னால் யாரும் இல்லை. பாளையக்காரர்கள் திரண்டு வந்து கை கொடுக்கவும் இல்லை. எப்படி வருவார்கள்? அவர்கள் கோட்டைகளை இடித்தவர் அவர்தானே! புதுக்கோட்டை தொண்டைமான் எப்போதும் போல கும்பெனி, நவாப் பக்கம்.

அரசாங்கத்துக்காக ஊரைப் பகைத்துக் கொண்டவர், அரசாங்கம் கைவிட்ட பிறகு ஊரைத் தேடினார். ஊர் கிட்டத்தில் இல்லை.

தொழுகையில் பிடித்தார்கள்

பசி, கலகம், சந்தேகம். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கே பொறுக்க முடியவில்லை. தன் தலையைக் காப்பாற்றிக் கொள்ள ஒரே வழி, பெரிய தலையைக் கொடுப்பதுதான் என்று சிலர் முடிவு செய்தார்கள். திவான் சீனிவாச ராவ், வைத்தியர் பாபா சாகிப், பிரெஞ்சுக்கார மர்ச்சாந்து. மூன்று பேருமே உடன் இருந்தவர்கள். தினம் முகத்தில் முழித்தவர்கள்.

1764 அக்டோபர் 13-ந்தேதியை ஒட்டி, யூசுப்கான் தொழுகையில் இருந்த நேரம் பார்த்துப் பாய்ந்தார்கள். அவருடைய தலைப்பாகையாலேயே அவரைக் கட்டினார்கள். கும்பெனி முகாமுக்குத் தூக்கிப் போனார்கள்.

கும்பெனி அவரை விசாரிக்கவில்லை. திருச்சியில் கள்ளக்கடிதத்துக்கு நடந்த மாதிரி ஒரு விசாரணை இந்த முறை இல்லை. நேராக நவாப் கையில் ஒப்படைத்தார்கள்.

அக்டோபர் 15. மதுரைக்கு மேற்கே முகாமுக்குப் பக்கத்தில் நவாப் முன்னிலையில் தூக்கு. முதல் தடவை கயிறு அறுந்தது. இரண்டாவது தடவையும் அறுந்தது. மூன்றாவது தடவைதான் உயிர் போனது என்று ஜனங்கள் சொல்கிறார்கள். அவருக்கு அப்போது 40 வயதை ஒட்டி இருக்கும். மனைவி மாசாவும், சின்ன மகனும் நிர்க்கதி ஆனார்கள்.

செத்த பிறகும் பயம் போகவில்லை. உடலை வெட்டினார்கள். தலை திருச்சிக்கு. கை, கால்கள் பாளையங்கோட்டை, தஞ்சாவூர், திருவிதாங்கூர், பெரியகுளம் பக்கம் போனதாகச் சொல்கிறார்கள். மிஞ்சிய உடல் மதுரை சம்மட்டிபுரத்தில் புதைக்கப்பட்டது. 1808-ல் அந்த இடத்தில் பள்ளிவாசல் கட்டினார்கள். தேனி போகும் ரோட்டில் கான் சாகிபு பள்ளிவாசல் என்றால் வழி காட்டுவார்கள். ‘கான் சாகிபு சண்டை’ என்று ஒரு கதைப்பாடலே ஊர் ஊராகப் பாடப்பட்டது.

விட்டுக் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள்?

கதை இத்தோடு முடியவில்லை. பலி கொடுத்தவர்கள் கதையையும் பார்க்க வேண்டும்.

யூசுப்கானின் நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் சென்னையில் கவர்னராக இருந்தவர் பிகட். தூக்குக்கு முந்தின வருஷம் ஓய்வு பெற்றுப் போனார். 1775-ல் மறுபடி கவர்னராக வந்தார். தஞ்சாவூர் சீமை விவகாரத்தில் நவாப்பின் பேச்சைக் கேட்க மறுத்தார். நவாப்புக்குக் கடன் கொடுத்திருந்த கும்பெனி அதிகாரிகள் கூட்டாகச் சேர்ந்து 1776-ல் கவர்னரையே கைது செய்தார்கள். அடுத்த வருஷம் காவலிலேயே செத்துப் போனார் பிகட். வெள்ளைக்கார லார்டு ஆனாலும் கடன் கணக்குக்கு முன்னால் ஒரே சட்டம்தான்!

நவாப் முகமது அலி? 1795-ல் கழுத்து வரை கடனோடு இறந்தார். அவரைத் திருச்சிக்குக் கொண்டு வந்து மதுரை ரோட்டில் உள்ள நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்தார்கள். 1752-ல் தலை இழந்த சந்தா சாகிப்பின் சமாதியும் அதே தர்காவில்தான். வாழ்நாள் எல்லாம் அடித்துக் கொண்ட இரண்டு பேரும் ஒரே இடத்தில் தூங்குகிறார்கள்.

1801-ல் நவாப் குடும்பத்திடம் இருந்து கர்நாடக சீமை முழுவதையும் கும்பெனி எழுதி வாங்கியது. யூசுப்கானைக் கொடுத்து காப்பாற்றிய நாற்காலி 37 வருஷம்தான் நின்றது.

அதே 1801 ஜூனில் சின்ன மருதுவின் அறிவிப்பு திருச்சிக் கோட்டை சுவரிலும், ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. வெள்ளைக்காரனுக்கு இடம் கொடுத்த நவாப்பைக் குறை சொல்லி, சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் ஒன்று சேரச் சொன்னது அது. யூசுப்கானுக்குக் கடைசி வரை கிடைக்காத அந்த ஒற்றுமைக்கு, அவர் காத்த கோட்டைச் சுவரிலேயே அழைப்பு வந்தது. அவர் இருந்து பார்க்கவில்லை.

வீரனா, துரோகியா என்று இன்னும் பேசுகிறார்கள். பூலித்தேவர் பக்கம் இருந்து பார்த்தால் அவர் கும்பெனியின் அடியாள். கும்பெனி பக்கம் இருந்து பார்த்தால் கலகக்காரன். மதுரை ஜனம் பக்கம் இருந்து பார்த்தால் நல்ல நிர்வாகி. மூன்றுமே உண்மைதான்.

ஒன்று மட்டும் நிச்சயம். அவர் கும்பெனிக்கு எதிராகத் திரும்புவதற்கு முன்பே, கும்பெனி அவரை விற்று முடித்திருந்தது. அரிசி வண்டி ஓட்ட ஆள் வேண்டியபோது பதக்கம் கொடுத்தார்கள். கடன் வசூலிக்க வழி வேண்டியபோது ஆளையே கொடுத்தார்கள். முதலாளிக்காக அக்கம்பக்கத்தைப் பகைத்துக் கொண்டு ராப்பகலாக உழைக்கிற யாருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

பொன்மலை பக்கமோ, மெயின்கார்டு கேட் பக்கமோ போகிறபோது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கோட்டைக்குள் அடுப்பு எரிய வைத்தவர் கடைசியாக எப்படி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.